மருத்துவத்தின் ஐந்தாவது கூறு: விதைப் புற்றுநோயிலிருந்து மீள்தலும் வன்னிப் பெருநிலமும்

வள்ளுவர் தம் நூலில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திருந்து பணிசெய்வோர் என்பன அவை. இந்நான்கும் ஒருங்கே அமையின் நோய் தீரும் என்பது நம் முன்னோர் கொண்ட துணிபு. இப்பகுப்பிற் பிழை காண்டற்கில்லை. ஆயினும், நான்கும் உலகில் இருந்தும் அவை ஓரிடத்திற் கூடுவதற்கு வழி இல்லாத காலம் ஒன்று வன்னிப் பெருநிலத்தில் இருந்தது. எனவே அந்நிலத்தின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் ஐந்தாவது கூறு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியவராகின்றனர். அதுவே வழியாகும். விதைப் புற்றுநோய் என்னும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதற்கு மருந்து கண்டறியப்பட்ட வரலாற்றையும், அம்மருந்தை அடையும் வழி வன்னியில் அடைபட்டும் திறந்தும் வந்த வரலாற்றையும், மருந்தால் மீண்டோர் அதன்பின் வாழும் வாழ்வையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

ஆண்களின் விதையில், பேச்சுவழக்கிற் கூறின் விரையில், தோன்றும் இப்புற்றுநோய் அரிதாகக் காணப்படுவது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இது எனலாம். ஆயினும் இரு காரணங்களால் இது தனித்து நோக்கற்பாலது. முதலாவது, இது தாக்கும் வயது. பெரும்பாலான புற்றுநோய்கள் முதுமையை நாடி வருவன. இதுவோ 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டோரையே பெரிதும் நாடுவது. படிப்பை முடிக்கும் மாணவனும், தந்தையிடமிருந்து வயலைப் பொறுப்பேற்ற மகனும், புதிதாக மணமுடித்தவனும் இவ்வயதினரே. இரண்டாவது, இது தீரக்கூடிய நோய். நெஞ்சிலும் வயிற்றிலும் பரவிய பின்னரும் பெரும்பான்மையோரை முற்றாகக் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது முதன்மையானது. பரவிய நோயுள்ளோரைப் பல நாட்டு மருத்துவர் கூடி மூவகையாகப் பகுத்து 1997 இல் ஒரு கணிப்பை வெளியிட்டனர். 2021 இல் அக்கணிப்பு புதுக்கப்பட்டபோது, விதைப் புற்றுநோயின் ஒரு பெரும் பிரிவில், நல்வாய்ப்புடைய வகையினருள் ஐந்து ஆண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு 96 பேர் எனவும், மிகக் கடுமையான வகையினருள்ளும் 67 பேர் எனவும் கண்டறியப்பட்டது.

இத்தகைய நோயில் ஓர் இளைஞன் இறப்பானாயின் அதற்கு நோயின் கொடுமையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அவன் காலந்தாழ்த்தி வந்தானா, வரும் வழி அடைபட்டிருந்ததா என்னும் வினாக்கள் உடனெழும். அவ்வினாக்களே இந்நோயை வரலாற்றுப் பொருளாக்குகின்றன.

மருந்தின் வரலாறு

இந்நோயை வென்ற மருந்து நூறாண்டுக்கு மேலாக எவர்க்கும் பயன்படாமற் கிடந்த ஒரு பொருள் என்பது வியப்புக்குரியது. மிக்கேலே பெய்ரோனே என்னும் இத்தாலிய இரசாயனவியலாளர் 1844 இல் பிளாற்றினம் கலந்த மஞ்சள்நிற உப்பொன்றை ஆக்கினார். 1893 இல் அல்பிரட் வேர்னர் அதன் அமைப்பை விளக்கினார். அதன்பின் அது இரசாயனவியல் மாணவர் பாடத்தில் ஒரு பெயராக மட்டும் நின்றது.

அதனை மருந்தென உலகம் அறிந்தது ஒரு தற்செயலால். அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பர்னற் ரொசென்பேர்க் என்னும் பௌதிகவியலாளர், கலப்பிரிவின்மேல் மின்னோட்டத்தின் விளைவு யாதென ஆராய்ந்தார். பற்றீரியா வளரும் கரைசலிற் பிளாற்றின மின்வாய்களை இட்டு மின்னைச் செலுத்தியபோது, பற்றீரியாக்கள் பிரியாது நூல்போல் நீண்டு வளர்ந்தன. மின்னோட்டமே காரணம் என முதலிற் கருத இடமிருந்தது. ஆராய்ந்தபோது, மின்வாயிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்த பிளாற்றினச் சேர்வையே கலப்பிரிவைத் தடுத்தது என்பது தெளிவாயிற்று. 1965 இல் இம்முடிபு வெளியாயிற்று. 1969 இல் அச்சேர்வை எலிகளின் கட்டிகளைக் கரைத்தமை காட்டப்பட்டது. அதுவே பெய்ரோனே ஆக்கிய பழைய உப்பு. பின்னர் சிஸ்பிளாற்றின் என்னும் பெயரில் அது மருத்துவ உலகிற் புகுந்தது.

மனிதர்க்கு அதனை ஏற்றியபோது கடும் வாந்தியும் சிறுநீரகச் சேதமும் உண்டாயின. மருந்தைக் கைவிடுவோமா என மருத்துவர் தயங்கிய நிலையும் ஏற்பட்டது. மருந்தோடு நாளத்தின் வழியே பெருமளவு நீரையும் செலுத்தின் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்பது 1970 களின் நடுப்பகுதியில் அறியப்பட்டதும் அத்தயக்கம் நீங்கிற்று. அக்காலத்திலேயே, இந்தியானாப் பல்கலைக்கழக மருத்துவரான லோரன்ஸ் ஐன்ஹோர்ன் சிஸ்பிளாற்றினை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து 1974 இற் கொடுக்கத் தொடங்கினார். அவ்விரண்டுள் ஒன்று ஜப்பானில் ஹமாவோ உமெசவாவின் ஆய்வுகூடம் தந்த பிளியோமைசின். மற்றையது வின்பிளாஸ்ரின். இது வன்னியின் கோயில் முற்றங்களிலும் வீட்டு வளவுகளிலும் பேணுவாரின்றியே பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கனடாவில் 1958 இற் பிரித்தெடுக்கப்பட்டது. செடியை அவித்துக் குடித்தல் மருந்தாகாது, அது நஞ்சாகும். ஆயினும் கிளிநொச்சி வளவிலொன்றிற் பூக்கும் செடியின் சாரம் இந்தியானாவின் கட்டிலொன்றில் உயிர்காத்தது என்பது மருத்துவ அறிவு எல்லைகளைக் கடந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஐன்ஹோர்ன் முதலில் இம்மருந்தை அளித்தோருள் வேறு மருந்துகள் யாவும் தோற்றுப்போன கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். அவருடைய நுரையீரல்களிற் பரவியிருந்த கட்டிகள் சில வாரங்களுள் மறைந்தன. பின்னாளில் அவர் ஆசிரியரானார், தந்தையுமானார். 1977 இல் வெளியான கட்டுரையில், ஆராயப்பட்ட 47 நோயாளருள் 33 பேரின் நோய் முற்றாக மறைந்தமை காட்டப்பட்டது. அதற்கு முன்னர் பரவிய நோயிலிருந்து மீண்டோர் மிகச் சிலரே. 1978 திசெம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி வழங்கிற்று. 1987 இல் வின்பிளாஸ்ரினுக்குப் பதிலாக எற்றோபொசைட்டு என்னும் மருந்தைச் சேர்த்தல் சிறந்தது என நிறுவப்பட்டது. 1991 இல் ஒண்டன்செற்றோன் என்னும் வாந்தித் தடுப்பு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபின் நோயாளரின் துன்பம் பெரிதும் குறைந்தது. இவ்வாறு 1978 க்கும் 1991 க்கும் இடையிற் சிகிச்சை முழு வடிவம் பெற்றுவிட்டது எனலாம்.

வழியின் வரலாறு

இச்சிகிச்சையின் உயிர்நாடி காலம். சிஸ்பிளாற்றினும் எற்றோபொசைட்டும் ஐந்து நாள் தொடர்ந்து ஏற்றப்படும்; பிளியோமைசின் வாரம் ஒருமுறை ஏற்றப்படும். 21 ஆம் நாள் முடிந்ததும் அடுத்த சுற்றுத் தொடங்கும். நோயின் வகைக்கேற்ப மூன்று சுற்று, அன்றேல் நான்கு சுற்று. மூன்று சுற்றுக்கு ஒன்பது வாரம். நான்கு சுற்றுக்குப் பன்னிரண்டு வாரம். தக்க காரணமின்றிச் சுற்றுகளைப் பிற்போடுதலும் அளவைக் குறைத்தலும் குணப்படும் வாய்ப்பைக் குறைக்கும் என்பது மருத்துவர் துணிபு. ஆகவே மருந்து இருந்தால் மட்டும் போதாது. ஒன்பது அல்லது பன்னிரண்டு வாரம் குறித்த நாளில் நோயாளி குறித்த இடத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்விதியை வன்னியின் காலவரிசையோடு ஒப்பிட்டு நோக்கின் உண்மை புலப்படும். மருந்து அனுமதி பெற்று ஐந்தாண்டு நிறையுமுன் 1983 யூலை வந்தது. எற்றோபொசைட்டுச் சேர்ந்த முறை நிறுவப்பட்ட 1987 ஆம் ஆண்டிலேயே இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டு முடியுமுன் போர் மீண்டும் மூண்டது. வாந்தித் தடுப்பு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1991 இல் வடக்குக்கான புகையிரதம் நின்று ஓராண்டு கடந்திருந்தது. 1990 யூனில் மீண்ட போரோடு ஏ–9 வீதி அடைபட்டது. எரிபொருளும் மருந்துவகை பலவும் வடக்கே செல்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சிகிச்சை முழுமை பெற்ற ஆண்டுகளும் வழி அடைபட்ட ஆண்டுகளும் ஒன்றாயின.

வன்னியின் நோயாளருக்கு அக்காலத்தில் இரு திசைகளே இருந்தன. தெற்கே மகரகமவிலுள்ள அரச புற்றுநோய் வைத்தியசாலை. முல்லைத்தீவிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. இடையில் வவுனியாவிற் சோதனைச் சாவடிகளும் அனுமதிச் சீட்டும் இருந்தன. வடக்கே யாழ்ப்பாணம். 1990 களின் தொடக்கத்தில் அங்கு செல்லும் வழி கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடப்பதாயிருந்தது. அவ்வழியில் உயிரிழந்தோர் பலர். 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்களே பெருந்தொகையினராக இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தனர். 21 நாளுக்கொருமுறை செல்லவேண்டிய பயணம் இத்தகைய நிலத்தில் எங்ஙனம் கைகூடும் என்பதைச் சிந்திப்போர் உணர்வர்.

2002 இல் ஏற்பட்ட போர்நிறுத்தத்தையடுத்து ஏ–9 வீதி திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுக்கு மேலாக வழி இருந்தது. 2006 ஓகஸ்ற் 11 இல் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் தொடக்கத்தில் மக்கள் முல்லைத்தீவின் கடற்கரைத் துண்டொன்றுக்குள் ஒடுக்கப்பட்டனர். அவ்வாண்டு பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயமடைந்தோரையும் நோயாளரையும் அவர்தம் உறவினரையும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கப்பலேற்றிச் சென்றது. அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 14,000 பேர். கப்பல் வரும் நாளை எவரும் முன்னறிய இயலவில்லை. குண்டடிபட்டவனே இடத்துக்காகக் காத்திருந்த கரையில், வலியற்ற ஒரு வீக்கத்தோடு நிற்பவன் தனக்கும் இடம் கேட்பது அரிது. போர் கொல்வது குண்டால் மட்டுமன்று. தீரக்கூடிய நோய்களைத் தீராதனவாக்கியும் அது கொல்லும்.

போர் முடிந்தபின் வழி படிப்படியாகத் திறந்தது. 2011 யூலையில் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து கடந்த ஒரு நடைப்பயணம் நிதி திரட்டிற்று. தெற்கிலும் வடக்கிலும் வாழ்ந்த எல்லா இனத்தவரும் அதிற் பங்கெடுத்தனர். அந்நிதியால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பர் 14 இல் புகையிரதம் கிளிநொச்சியை மீண்டும் வந்தடைந்தது. கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழைக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். விடியற்காலையிற் புறப்பட்டு மருந்தேற்றிக்கொண்டு பொழுதுசாயத் திரும்பக்கூடிய தொலைவு அது. எனினும் வழி என்பது போரால் மட்டும் அடைபடுவதன்று என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் ஒருங்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. புற்றுநோய் மருந்துகளும் அதற்கு விலக்காகவில்லை.

மீண்டபின் வாழ்வு

குணமடைந்தான் என்று மருத்துவர் கூறும் நாளோடு கதை முடிவதில்லை. 25 வயதில் மீண்டவனுக்கு இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்வு எஞ்சியிருக்கலாம். அவ்வாழ்வில் மருந்தின் சுவடும் உடன்வரும்.

நோய் திரும்புமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுள் திரும்பும். ஆகவே அக்காலத்தில் குருதிச் சோதனையும் படச் சோதனையும் தவறாது செய்யப்படுதல் வேண்டும். திரும்பிய நோயும் மருந்தால் தீரக்கூடியதே. காலத்தே கண்டறிவதிலேயே அது தங்கியுள்ளது. மற்றை விதையிற் பின்னாளிற் புதிதாக நோய் தோன்றுதலும் சிலர்க்கு உண்டு. எனவே மாதம் ஒருமுறை தன்னைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் வாழ்நாள் முழுவதற்கும் உரியது.

சிஸ்பிளாற்றின் செவியின் நுண்ணொலி உணர்வைக் குறைக்கும். காதில் ஓயாத இரைச்சலை உண்டாக்கும். விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்யும். வன்னியில் வாழ்ந்தோரின் செவிகள் செல் வெடிப்புகளை முன்னரே கேட்டவை என்பது நினைவிற்குரியது. சிறுநீரகமும் அம்மருந்தாற் பாதிப்புறும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் பகுதிகளிலும் காரணம் முற்றாகத் தெளிவுபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்கிவருகின்றது. ஆகவே கொதிவெயிலில் நெல்வயலில் நிற்கும் ஒரு மீண்டவனுக்கு நீர் அருந்துதலும் சிறுநீரகச் சோதனையும் பிறரிலும் இருமடங்கு இன்றியமையாதன. பிளியோமைசின் நுரையீரலைத் தாக்க வல்லது. முல்லைத்தீவுக் கடலிற் சிலிண்டர் பூட்டி மூழ்கிக் கடலட்டை எடுப்போர், தாம் அம்மருந்தைப் பெற்றவராயின், தொழிலுக்கு மீளுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். பின்னாளில் எந்தச் சத்திரசிகிச்சைக்குச் செல்லினும் மயக்கமருந்து கொடுப்பவரிடம் அம்மருந்தின் பெயரைச் சொல்லுதல் வேண்டும். இதயநோயும் உயர்குருதியமுக்கமும் இவர்களிடம் சற்று மிகுதியாகக் காணப்படுவதால் புகைத்தலை விடுதல் இவர்க்கு அறிவுரை மட்டுமன்று. சிகிச்சையின் ஒரு பகுதியே எனலாம்.

பின்வரும் வாழ்வை முன்னரே கருதிச் சிகிச்சையை வகுத்தலும் உண்டு. சைக்கிளோட்ட வீரரான லான்ஸ் ஆம்ஸ்ரோங் 1996 இல் இந்நோயுற்று இந்தியானாவிற் சிகிச்சை பெற்றபோது, நுரையீரலைக் காக்கும்பொருட்டு அவருக்குப் பிளியோமைசினுக்குப் பதிலாக வேறு மருந்து கொடுக்கப்பட்டது. பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றத்தால் அவர் தம் வெற்றிப் பட்டங்களை இழந்தார். ஆயினும் அவர் மீண்டமை பொய்யன்று. தமிழ் இளைஞர்க்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு துடுப்பாட்ட வீரர் யுவராஜ் சிங். 2011 உலகக் கிண்ணப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரான அவருக்கு, விதையிலன்றி நெஞ்சறையில் இக்குடும்பத்தைச் சேர்ந்த கட்டி இருந்தமை பின்னர் தெரியவந்தது. 2012 இன் தொடக்கத்தில் இந்தியானாவிற் சிகிச்சை பெற்ற அவர், அவ்வாண்டு செப்ரெம்பரிற் சென்னைச் சேப்பாக்கம் திடலில் மீண்டும் இந்திய அணிக்காகத் துடுப்பெடுத்தாடினார்.

சொல்லப்படாமை

வழியை அடைப்பது சோதனைச் சாவடியும் எரிபொருட் பஞ்சமும் மட்டுமல்ல. நாவும் ஒரு சாவடியே. விதையில் வலியற்ற கட்டியைக் கண்ட இளைஞன் அதனைத் தாயிடம் சொல்லான். தந்தையிடம் சொல்ல நாணுவான். சொன்னாலும் அது ஓதம் என்றோ, சைக்கிளில் அடிபட்ட வீக்கம் என்றோ கருதப்பட்டுப் பரியாரியின் பூச்சு மருந்தோடு மாதங்கள் கழிதல் உண்டு. அடிபடுதல் இந்நோய்க்குக் காரணமென நிறுவப்படவில்லை. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது முன்பே இருந்த கட்டி தென்படுகின்றது என்பதே பொருந்தும். பிறப்பில் விதை கீழிறங்காதோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது நன்கு அறியப்பட்டது. ஆகவே ஆண்குழந்தையைப் பார்வையிடும் குடும்பநல உத்தியோகத்தரின் பணியிலிருந்தே இந்நோயின் தடுப்புத் தொடங்குகின்றது.

மீண்டபின் நாணம் வேறு வடிவம் கொள்ளும். ஒரு விதையை அகற்றியபின் ஆண்மை நீங்கிவிடும் என்பது தவறான எண்ணம். எஞ்சிய ஒன்று நலமாயிருப்பின் உடலின் தேவைக்கு அதுவே பெரும்பாலும் போதும். மருந்தேற்றியபின் விந்து உற்பத்தி குன்றினும், பலர்க்கு ஓரிரு ஆண்டுகளில் அது மீளும். மீளாதோரும் உண்டு என்பதாலேயே, மருந்து தொடங்குமுன் விந்தைச் சேமித்தல் பற்றி நோயாளியிடம் பேசவேண்டும் என மருத்துவ நெறி கூறுகின்றது. அச்சேமிப்பு வசதி பெருநகர்களிலேயே கிடைக்கின்றமையால் இங்கும் வழியே மீண்டும் தலையிடுகின்றது. திருமணப் பேச்சின்போது நோயை மறைக்கும் குடும்பங்கள், மறைத்ததன் விளைவாகத் தொடர்சோதனையையும் மறைக்கவேண்டியவை ஆகின்றன. மருத்துவமனைக்குச் செல்லும் நாளை ஊருக்கு ஒளிப்பவன் நாளடைவிற் செல்லாமலே விடுகின்றான். திறந்திருக்கும் வழியைத் தானே மூடிக்கொள்ளும் நிலை அது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். விதைப் புற்றுநோய் வெல்லப்பட்ட ஆண்டு யாது என்னும் வினாவுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விடை இல்லை. இந்தியானாவுக்கு அது 1974 ஆகலாம். வன்னிக்கோ, மருந்தும் வழியும் ஒருங்கு கிடைத்த ஆண்டே அவ்வாண்டாகும். அது ஒருமுறை வந்து நிலைத்ததன்று; 2002 இல் வந்து, 2006 இற் போய், 2009 இன் பின் மெல்லத் திரும்பி, 2022 இல் மீண்டும் தளர்ந்தது. மருந்து கண்டவரின் பெயர்களை எழுதும் மருத்துவ வரலாறு, பாதை அடைபட்ட நாள்களையும் எழுதினாலன்றி முழுமை பெறாது.

பல்கலைக்கழகத்திற் பயில்வோர்க்கு இதில் இருவகைக் கடமை உண்டு. வரலாறு பயில்வோர், வன்னியின் வைத்தியசாலைப் பதிவேடுகளும் அங்கே பணியாற்றிய தாதியர், அம்புலன்சுச் சாரதிகள் ஆகியோரின் நினைவுகளும் அழியுமுன் அவற்றைத் தொகுத்தல் வேண்டும். இந்நோய் தாக்கும் வயதினராகிய மாணவர் யாவரும், தம்முள் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொல்ல வருமிடத்து நகையாது செவிமடுத்து, மறுநாட் காலையில் அவனோடு வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பக்கத்திருந்து பணிசெய்வோரை மருத்துவத்தின் ஒரு கூறாக வள்ளுவர் எண்ணினார். ஐந்தாவது கூறாகிய வழி, பல வேளைகளில் அத்தகைய ஒருவரோடேயே தொடங்குகின்றது.